மூன்று முழம் மல்லிகை

கோயமுத்தூரில் பேசும்படம் எடுக்க ஆரம்பித்திருந்த காலம் அது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் செல்லாத்தாள் சமையல் வேலை பார்த்தாள். பதினெட்டு வயதில் தாலி அறுத்தவள். அன்று முதல் வெள்ளைச் சீலைதான்.

ஒரு படத்தில் மோகினிப் பேய் வந்தது. ஆண்களை மயக்கிக் கொல்லும் பேய். செத்தவளாக நடிக்க எந்த நடிகையும் சம்மதிக்கவில்லை. டைரக்டரின் கண், சோறு போட்டுக்கொண்டிருந்த செல்லாத்தாள் மேல் விழுந்தது. சீலை அவளுடையதே போதும் என்றார். பிறகு, "மோகினின்னா தலை நெறையப் பூ வேணுமே" என்று மூன்று முழம் மல்லிகை வாங்கிவரச் செய்தார்.

செல்லாத்தாளுக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. "ஏனுங்க, உசுரோட இருக்கறவளுக்கு ஒத்தப் பூ ஆகாது. செத்தவளுக்கு மூணு முழமுங்களா?"

கேட்ட கையோடு அவளே பூவை எடுத்துத் தலையில் சூடிக்கொண்டாள்.

படம் டெண்ட் கொட்டகைக்கு வந்தபோது பெண்கள் பக்கத்து மணலில் உட்கார்ந்து பார்த்தாள். திரையில் பேய் திரும்பியதும் பக்கத்திலிருந்தவள் அலறி, செல்லாத்தாளின் கையையே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். செல்லாத்தாளோ பேயின் கூந்தலில் ஆடிய சரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகைக்குள் மல்லிகை மணப்பதுபோலவே இருந்தது.

கிழவியான பிறகும் அந்தக் கதையைச் சலிக்காமல் சொல்வாள். "பேயி நெசமாலுமே இருக்குதுங்களா?" என்று யாராவது கேட்டால் சிரிப்பாள்.

"இருந்தா நல்லாத்தான் இருக்கும் கண்ணு. செத்தாவது பூ வெச்சுக்கலாமல்ல."