செக்ரோலில் இல்லாத மாலுமி

பாய்மரக் கப்பல்களில் உலகத்தைச் சுற்றியவர்களைப் பற்றிப் போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அந்தத் தலைவர்களின் பெயர் ஒன்றைக்கூட இங்கே எழுதப் போவதில்லை. தெருவுக்கும் துறைமுகத்துக்கும் வைத்தாயிற்று, சிலையும் எழுப்பியாயிற்று. என் பங்குக்கு நானும் கரும்பலகையில் வேண்டிய மட்டும் எழுதித் தொலைத்துவிட்டேன்.

கடலை நான் முதன்முதலில் பார்த்தது இருபத்தொரு வயதில், கல்லூரிச் சுற்றுலாவில். ஆனால் கப்பல் பைத்தியம் அதற்கு முன்பே பிடித்துவிட்டது. காரணம் காற்று. ஆனி பிறந்தால் போடிமெட்டு முகட்டைத் தாண்டி மேகம் இறங்கும். சிலமலையில் எங்கள் வீட்டு ஓடு படபடக்கும். இதே காற்றுதான் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கப்பல்களை மிளகுக்கும் ஏலக்காய்க்கும் இங்கே தள்ளிக்கொண்டு வந்தது என்று ஒரு புத்தகத்தில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். "அப்ப நமக்கு மழையும் அவனுக்குக் கப்பலும் ஒண்ணாத்தேன் வந்துச்சா?" என்று கேட்டாள். இவ்வளவு நல்ல கேள்வியை என் வகுப்பில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

அக்கா எட்டாவதோடு நின்றவள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஒருத்திதான் படிக்க முடியும் என்று வீட்டில் ஆனபோது, நான் பஸ்ஸில் ஏறிக் கல்லூரிக்குப் போனேன், அவள் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போனாள். இதை நான் தியாகம் என்றெல்லாம் சொல்லமாட்டேன். அவளை யாரும் கேட்கவில்லை என்பதே உண்மை.

எங்கள் எதிர்வீட்டு மதினிக்கு மலைமேல் கேரளப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நிரந்தர வேலை, மாமியாரிடமிருந்து வந்தது. மதினிக்கு மூட்டு தேய்ந்துபோய்க் குனிய முடியாமல் ஆனது. ஏலக்காய் செடியின் தூரில் காய்க்கும். குனியாமல் எடுக்க வழியில்லை. வேலையை விட்டால் பேர் போய்விடும். அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. அதுவரை தோட்டம் தோட்டமாகத் தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா, இனி மதினிக்குப் பதில் போவாள். காலையில் கங்காணி செக்ரோல் என்கிற ஆஜர்ப் பதிவேட்டைத் திறந்து மதினி பெயரைக் கூப்பிடுவார். அக்கா, "இருக்கேன்" என்பாள். தினக்கூலி அக்காவுக்கு; போனஸும் வருங்கால வைப்பு நிதியும் மதினிக்கு. கங்காணிக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியும், ஆபீசில் எழுதுகிற ஆளுக்கும் தெரியும். அந்த ஜீப்பில் போகும் பெண்களில் பாதிப்பேர் இப்படி வேறொருத்தி பெயரில் போகிறவர்கள்தான். அக்கா பன்னிரண்டு வருடம் போனாள். தெருவில் யாராவது மதினியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட எங்கள் வீட்டுக்குள்ளிருந்து அவள் குரல் கொடுப்பாள். நாங்கள் சிரிப்போம்.

அப்போது சிரித்ததை நினைத்தால் இப்போது எரிகிறது. ஏனென்றால் இதே கதையை நான் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். உலகத்தை முதலில் சுற்றிய பயணத்துக்கு ஐந்து கப்பல் புறப்பட்டது, ஒன்று திரும்பியது. தலைவன் பாதி வழியிலேயே ஒரு தீவில் வெட்டுப்பட்டுச் செத்தான்; ஆனாலும் சுற்றியவன் அவன்தான் என்று பாடம். அவனோடு ஓர் அடிமை போனான், மலாக்காவில் விலைக்கு வாங்கப்பட்டவன். மேற்கே போய்க்கொண்டே இருந்த கப்பல் கடைசியில் தன் பேச்சு புரிகிற மனிதர்களிடம் வந்து நின்றபோது, ஏறக்குறைய உலகத்தைச் சுற்றி முடித்திருந்தவன் அவன். கப்பல் பட்டியலில் இருப்பது எஜமான் வைத்த பெயர். தாய் வைத்த பெயர் எது என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. தான் செத்தால் அவனுக்கு விடுதலை என்று எஜமான் உயில் எழுதியிருந்தான். எஜமான் செத்ததும் அடுத்து வந்தவர்கள், உயிலாவது ஒன்றாவது, வேலையைப் பார் என்றார்கள். இதை உருக்கமாக நடத்திவிட்டு வீட்டுக்கு வந்து, வேறொருத்தி பெயருக்குப் பதில் சொல்லிவிட்டு வந்த அக்கா கையால் காப்பி வாங்கிக் குடித்திருக்கிறேன்.

போன வருடம் ஆவணியில் அவள் விழுந்தாள். ஜீப்பு என்றால் உட்கார்ந்து போகிற ஜீப்பு என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். உள்ளே பன்னிரண்டு பேர், பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு பேர். டிரைவர்கள் எங்கள் பெண்களை 'லோடு' என்றுதான் சொல்வார்கள். போடிமெட்டு ஏற்றத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்தது, டிரைவர் பிரேக்கை மிதித்தார், பின்னால் நின்ற அக்கா ரோட்டில் போய் விழுந்தாள். தொடை எலும்பு முறிந்தது. அதே ஜீப்பில் படுக்கவைத்துக் கீழே கொண்டுவந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நான் சீட்டு வாங்க நின்றபோது கங்காணி வந்து பக்கத்தில் நின்றார். கெட்ட மனிதர் இல்லை.

"டீச்சரு, சீட்டுல அவுக மதினி பேரக் குடுத்திருங்க. செக்ரோல்ல இருக்கறது அந்தப் பேருதேன். நஷ்டஈடு வெரசா வந்துரும். மதினி மூணு மாசம் வெளிய தலகாட்டாம இருந்தாச் சரி. மத்தத நான் பாத்துக்கிறேன்."

மதினியும் சரி என்றிருந்தாள். எல்லோரும் பேசி முடித்திருந்தார்கள். எனக்குத்தான் தலைக்கு ஏறிவிட்டது. கால் ஒடிந்தவள் என் அக்கா. ஒடிந்த காலைக்கூட இன்னொருத்தி பெயரில் எழுத வேண்டுமா? அவள் பெயரைச் சொல்லியே சீட்டு வாங்கினேன். அதோடு விட்டேனா? அன்று சாயங்காலமே எஸ்டேட் ஆபீசுக்கும் லேபர் ஆபீசுக்கும் இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். பன்னிரண்டு வருடம், ஆள்மாற்று, செக்ரோல், ஜீப்பு, எல்லாவற்றையும் வரலாறு படித்தவள் எழுதுகிற மாதிரி ஒழுங்காக எழுதினேன். அக்கா மயக்க மருந்தில் கிடந்தாள். அவளை நான் கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. செக்ரோலில் அப்படி ஒரு பெயரே இல்லையாம். ஆகவே அந்தப் பெண் எங்கள் தொழிலாளி இல்லை. ஆள்மாறாட்டம் நடந்ததாக நீங்களே எழுதியிருப்பதால் அதற்கு உடந்தையான தொழிலாளி வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். பன்னிரண்டு வருடமாகத் தெரிந்தே காய் எடுக்கவைத்தவர்கள், என் கடிதத்தைப் படித்துத்தான் விஷயம் தெரிந்தது என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வெட்கம் கெட்டவர்கள்.

மதினி சண்டைக்கு வரவில்லை. வாசலில் நின்று, "படிச்ச புள்ள எழுதுனாச் சரியாத்தேன் இருக்கும்னு நெனச்சேன் ஆத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நாலு அறை அறைந்திருந்தால் தேவலை.

அக்கா அறைந்தாள், வாயால். "ஒன்னய யாருடி எழுதச் சொன்னா? என்னயக் கேட்டியா? ஒனக்குப் பேரு வேணும், எனக்குக் காலு வேணும். அவளுக்கு இருந்ததே ஒரு வேல. அதயும் தொலைச்சுட்டியே."

நான் கப்பல் கதைக்குள் போய் ஒளிந்துகொண்டேன், வழக்கம்போல. பழைய வணிகக் கப்பல்களில் ஒரு வழக்கம் இருந்தது. கப்பல் மூழ்கிச் சரக்குப் போனால், நீந்திக் கரையேறிய மாலுமிக்கு அந்தப் பயணத்தின் கூலி கிடையாது என்று சொன்னேன். அக்கா விட்டத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

"அப்ப நம்ம எஸ்டேட்டு தேவலைடி. நான் விழுந்தன்னைக்கி அரைநாள் போட்டுருக்கான். அவ பேருல."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

விசாரணை தை மாதம், மலைமேல் லேபர் ஆபீசில். அக்காவும் மதினியும் நானும் ஒரு ஜீப்பை அமர்த்திக்கொண்டு போனோம். சாட்சிக்கு வரச்சொல்லி அந்த ஜீப்புப் பெண்களை வீடு வீடாகக் கேட்டிருந்தேன். ஒருத்திகூட வரவில்லை. கோழைகள் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு போனேன். வளைவு வந்தபோது அக்கா கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

எஸ்டேட் பக்கம் ஒரு வக்கீலும் கங்காணியும் வந்திருந்தார்கள். ப்யூன் வழக்கை எடுத்து அக்காவின் பெயரைக் கூப்பிட்டார். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. நான் முழங்கையால் இடித்தேன்.

"என்னயவா?" என்றாள்.

வீட்டில் அவள் அக்கா, தெருவில் அவள் டீச்சரின் அக்கா, மலையில் அவள் எதிர்வீட்டு மதினி. அவள் பெயரை யாராவது உரக்கச் சொல்லி எத்தனை வருடம் ஆகியிருக்கும்? வக்கீல் சிரித்தார். "சொந்தப் பேரே ஞாபகம் இல்ல சார். இவங்க எப்படி எங்க தொழிலாளி?" அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. எழுந்து கத்தியிருப்பேன்; மதினி என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

அடுத்து ப்யூன் மதினியின் பெயரைக் கூப்பிட்டார்.

"இருக்கேன்!"

அக்கா. கை தானாக மேலே போயிருந்தது. தோட்டத்தில் பள்ளத்தின் அந்தப்பக்கம் நிற்கும் கங்காணிக்குக் கேட்க வேண்டிய சத்தம் அது, அந்தச் சின்ன அறையில். அதற்குப் பிறகுதான் மதினி மெதுவாக, "நான்தேங்க" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி பேனாவை வைத்துவிட்டு இருவரையும் பார்த்தார். பிறகு கங்காணியைப் பார்த்து, தன் மலையாளத் தமிழில், "இவர் எல்லா நாளும் இப்படித்தானோ ஹாஜர் சொல்றது?" என்று கேட்டார்.

கங்காணி வக்கீலைப் பார்த்தார். அக்காவின் காலைப் பார்த்தார். "ஆமா சார்" என்றார்.

அதிகாரி எழுதிக்கொண்டார். உத்தரவு இன்னும் வரவில்லை. கங்காணியைக் காய் ஸ்டோருக்குக் காவலுக்கு மாற்றிவிட்டார்கள். மதினிக்கு வேலை திரும்பவில்லை. அக்காவுக்கு ஒரு கால் குட்டையாகிவிட்டது. தாங்கித் தாங்கி நடக்கிறாள்.

இதை எழுத உட்கார்ந்தபோது இந்த முறை அவளிடம் கேட்டேன். ஒரு இடத்திலாவது உன் பெயரை அச்சில் பார்க்க வேண்டும், போடட்டுமா என்றேன். வரலாறு முழுக்கத் தலைவன் பெயர்தான் இருக்கிறது, உன் பெயரும் இருக்கட்டும் என்று கெஞ்சினேன்.

"வேணாம்" என்றாள். "என் பேரப் போட்டா எந்த எஸ்டேட்டு, எந்த ஜீப்புனு ஊருக்கே தெரிஞ்சுரும். அப்புறம் செக்கிங்குக்கு வர்றவன் அந்த ஜீப்புல வர்றவளுகள ஒவ்வொருத்தியாப் பேரு கேப்பான். அவளுக என்ன சொல்லுவாளுக?"

நான் கோழைகள் என்று திட்டிய அதே பெண்களைத்தான் சொன்னாள். பேனாவை மூடிவிட்டேன்.