நிறுத்திய தறி

என் சின்ன மாமாவுக்குக் கடைசிவரை பெண் அமையவில்லை. ஊரில் கேட்டால், பட்டாளத்தில் மூளை கலங்கிவிட்டது என்பார்கள். நடந்ததை நான் சொல்கிறேன்.

அவர் அம்மாவின் தம்பி. சாமளாபுரத்தில் பெரிய மாமாவின் தறிக்குடோனில் தறி ஓட்டியவர். அண்ணனிடம் கூலிக்கு நிற்கப் பிடிக்காமல் பட்டாளத்தில் சேர்ந்தார். கார்கில் சண்டைக்குப் போய், காலில் குண்டுச் சில்லோடு திரும்பினார். பேனர் கட்டி, மாலை போட்டு, சரம் சரமாகப் பட்டாசு வெடித்தார்கள். அவர் இமைக்கக்கூட இல்லை. எல்லோருக்கும் பெருமை. அடுத்த வாரமே அதே அண்ணனின் அதே தறி முன்னால் போய் நின்றார்.

தறிச் சத்தம் அவரை ஒன்றும் செய்யவில்லை. கரண்ட் போனால்தான் வினை. அத்தனை தறியும் ஒரே நொடியில் நிற்கும். மாமா தரையில் விழுந்து தறிக்கு அடியில் புகுந்துவிடுவார். பிறகு எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் அறுந்த இழையை முடிச்சிடுவார். தினமும் கரண்ட் நிறுத்திய காலம் அது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகள் நாங்கள் ஜன்னலில் தொற்றிக்கொள்வோம். எங்களுக்கு அது காசில்லாத சினிமா.

ஏன் இப்படி என்று அம்மா ஒருமுறை கேட்டாள்.

“நம்ம பீரங்கி அடிச்சுட்டே இருந்தா பயமில்லக்கா. அது நின்னா மலை மேல இருக்கறவன் தலையத் தூக்கிச் சுடுவான்” என்றார்.

மூலனூர்ப் பக்கம் ஒரு பெண் பொருந்தி வந்தது. வயது ஏறிக்கொண்டிருந்த மாமா அந்தப் பெண்ணின் போட்டோவைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். பெண் வீட்டார் வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். ஞாயிறு எல்லாக் குடோனுக்கும் லீவு. சத்தமில்லாத அந்த நாளில் மாமா சுவரோரம் ஒண்டியே கிடப்பார். மாமாவுக்காக, வீட்டை ஒட்டியிருந்த எங்கள் குடோனை மட்டும் ஓட்டச் சொன்னாள் அம்மா. லைன்மேனிடம் கேட்டு, கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து வரச்சொன்னார்கள். அவ்வளவு ஏற்பாடு.

வந்தார்கள். கேசரி வைத்தோம். பெண்ணின் அப்பா மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

“ஏனுங் மாப்ள, சண்டையில எத்தன பேரச் சுட்டீங்?”

மாமா ஏதோ சொன்னார்.

“ஒண்ணுமே காதுல உழுகலீங். இந்த எரைச்சல்ல எப்புடித்தான் குடியிருக்கறீங்களோ!”

பெரிய மாமாவுக்கு முகம் சுண்டிப்போனது. சம்பந்திக்கு மரியாதை செய்யத் தெரியாதவன் என்று பேர் வாங்கலாமா? “இருங் மாமா, ஒரு நிமிசம்” என்று எழுந்து போனார். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடுவதற்குள் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார்.

தறி நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஊரில் வேறு சத்தமே இல்லை.

மாமா பெண்ணின் அப்பாவை நாற்காலியோடு தரையில் சாய்த்து, அவர் மேல் படுத்துக்கொண்டார். “அசையாதீங் மாமா. சுடுவான்.”

“எவன் சுடறான்? கரண்டுக்காரனா?” என்றார் கூட வந்தவர்களில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர்கள் தொடாத கேசரியை நாங்கள் தின்றோம்.

பெரிய மாமா பிறகு ஜெனரேட்டர் வாங்கினார். தம்பிக்காக அல்ல, ஆர்டருக்காக. குடியரசு தினத்தன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற மட்டும் மாமாவை வருடம் தவறாமல் கூப்பிட்டார்கள். கைதட்டியவர்களில் கல்யாண வயதில் பெண் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள்.

மாமனாரையே கொல்லப் பார்த்தவன் என்று ஊர் சொன்னது. நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் அந்த மனிதருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் தலை தரையில் மோதாதபடி அடியில் மாமாவின் உள்ளங்கை இருந்தது. அவர் உடம்பு முழுவதையும் மாமாவின் உடம்பு மூடியிருந்தது. மாமாவின் முதுகு மட்டும் வாசலைப் பார்த்துத் திறந்து கிடந்தது. அத்தனையும் என் கண் முன்னால்தான் நடந்தது. மாமா அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு அன்று தெரியவில்லை.