கோப்பையை மூடாத கை

நோர்வேயில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வந்த புதிதில், மீன் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று வேலை செய்தவள் தன் கேக்கை நீட்டினாள். மரியாதைக்கு 'நை தக்' என்றேன். வேண்டாம், நன்றி என்று அர்த்தம். இன்னொருக்கால் கேட்பாள் என்று சிரித்துக்கொண்டு நின்றேன். அவள் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டாள். திருகோணமலையில் வளர்ந்த யார் முதல் தரத்திலேயே கை நீட்டி வாங்குவார்கள்? அன்று பின்னேரம் வரைக்கும் பசியோடும் கோபத்தோடும் மீன் வெட்டினேன்.

என் மகள் ஆரணிக்கு இப்போது பத்து வயது. சொன்னது விளங்கும், சொல்லாமல் விட்டது விளங்காது. வசனம் நீண்டால் முடிவு வருமுன் தொடக்கம் நழுவிவிடும். பள்ளிக்கூடத்தில் ஒரு படம் காட்டினார்கள்: நனைந்த குடையோடு ஒரு பெண் வாசலில் நிற்கிறாள், வெளியில் என்ன நடந்தது? "அவள் நிக்கிறாள்" என்றாள் ஆரணி. போன வருடப் பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியை, நல்ல மனுசி, தன்மையாகத்தான் சொன்னா: வீட்டில் தமிழை நிறுத்தினால் பிள்ளைக்குச் சுமை குறையுமாம். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. தமிழ் சுமை இல்லை, அதுதான் என் வாய் என்று சொல்ல வெளிக்கிட்டேன். என் நோர்வேஜிய மொழி அந்தக் கோபத்தைத் தாங்கவில்லை. வாயில் ஏதும் நோவா, வருத்தமா என்று அவ அக்கறையாகக் கேட்டா. அடுத்த கூட்டத்துக்குள் யோசித்து முடிவு சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் யோசிக்கவில்லை. வீட்டில் தமிழிலேயே அவளைப் பழக்கத் தொடங்கினேன். எதைக் கண்டாலும் ஒரே கேள்வி. "அப்பா வெளியில போயிட்டு வந்திருக்கிறார். எப்பிடித் தெரியும்?" அவருடைய சப்பாத்தில் பனி ஒட்டியிருக்கும். மாதக்கணக்காக "தெரியாது" என்ற பதில்தான் வந்தது. பொறுமை எனக்குப் பிறவியிலேயே இல்லை. கத்தியிருக்கிறேன், பிறகு குளியலறைக்குள் போய் அழுதும் இருக்கிறேன். என்னைப்போல வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இதை ஒளிக்க வேண்டிய அவசியம் இல்லை.

விடுமுறைக்குத் திருகோணமலை அன்புவழிபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போனோம். துறைமுகத்தில் வேலை செய்கிற அத்தானின் கூட்டாளி ரஹீம் நானா, கிண்ணியாவில் இருந்து மத்தியான வெயிலில் தயிர்ச்சட்டியோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று ஆரணி கேட்டாள். "வேணாம் மகள்" என்றார். அவள் குசினிக்குள் போய், தண்ணி கொதித்துக்கொண்டிருந்த அடுப்பை நூர்த்து அணைத்துவிட்டாள். பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்ற எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்த மனிசன் அரை மணித்தியாலம் காய்ந்த தொண்டையோடு இருந்துவிட்டுப் போனார்.

"பிள்ளைக்கு விளக்கம் கொஞ்சம் குறைவோடி?" என்று அக்கா கேட்டா. ஆரணி பக்கத்திலேயே நின்றாள்.

"குறைவில்லை. நாங்கள் மனசில ஒண்டை வைச்சுக்கொண்டு வாயால வேற சொல்லுறம். அதை அவளுக்கு ஆர் சொல்லிக்குடுத்தது?" என்றேன். அக்கா இரண்டு நாள் என்னோடு முகம் குடுத்துக் கதைக்கவில்லை. போகட்டும். ஆனால் எது உண்மையான வேண்டாம் என்று எனக்கு எப்படித் தெரிகிறது? யோசித்தால் எனக்கே தெரியவில்லை. அதனால் அந்தக் கிழமை முழுக்க நானும் மகளும் சாப்பிட வருகிறவர்களைக் கவனித்தோம். கண்டுபிடித்தது அவள்தான். "எல்லாரும் காணும், போதும் எண்டு சொல்லுகினம் அம்மா. சோத்துக் கோப்பையைக் கையால மூடுற ஆக்களுக்குத்தான் உண்மையாக் காணும்."

ஞாயிற்றுக்கிழமை ரஹீம் நானா சாப்பிட வந்தார், ஆரணி சோறு போட்டாள். "காணும் மகள்" என்றார். கை மூடவில்லை, அவள் போட்டாள், அவர் சாப்பிட்டார். அடுத்த தரம் கை வந்து மூடியது, அகப்பையை எடுத்துவிட்டாள். நான் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போன மாதம் கூட்டம் நடந்தது. ஆரணியும் வந்திருந்தாள். வகுப்பாசிரியை என் கோப்பையில் ஊற்றக் கோப்பிப் போத்தலைத் தூக்கினா. இத்தனை வருடமாகியும் பழக்கதோசம் விடவில்லை, "நை தக்" என்றேன். அவ போத்தலைக் கீழே வைத்தா.

"அம்மாவுக்கு வேணும். திருப்பிக் கேளுங்கோ" என்று ஆரணி நோர்வேஜிய மொழியில் சொன்னாள்.

"வேண்டாம் என்று சொன்னாவே. உனக்கு எப்படித் தெரியும்?" என்று வகுப்பாசிரியை கேட்டா. என் வீட்டுக் கேள்வியேதான்.

"கோப்பையைக் கையால மூடேல்ல."

அவ என்னைப் பார்த்தா. நான் தலையாட்டினேன், அவ ஊற்றினா. குடைப் படத்தில் ஆரணி இன்றைக்கும் தடுமாறுகிறாள், அது ஒரு நாளில் தீருகிற விசயம் இல்லை. ஆனாலும் என்ன முடிவு என்று கேட்டபோது, வீட்டில் தமிழ்தான் என்றேன். இந்தத் தரம் என் நோர்வேஜிய மொழி பிசகவில்லை. அவ அதைத் தாளில் எழுதினா, நான் கையெழுத்து வைத்தேன்.

கோப்பியைக் குடித்து முடித்தேன். இன்னும் கொஞ்சம் விடவா என்று அவ கேட்டா. "நை தக்" என்றேன். என் கை பாதித் தூரம் வந்து கோப்பைக்கு மேலே நின்றது. மூடவும் இல்லை, விலகவும் இல்லை. இரண்டு பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.