ஆடு தின்ற ரேஸ் கார்

மரவள்ளிக்கிழங்கு மாவைக் காய்ச்சும்போது லேசாகப் புளித்த ஒரு வாடை எழும்பும். பென்னாகரத்தில் நான் எட்டாம் வகுப்பு படித்த வருடம், ஆடி மாதம் முழுக்க அந்த வாடை என் விரல்களை விட்டுப் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அதுவே அடித்தது. எங்கள் வீட்டில் "கெழங்குப் பசை" என்று சொல்லும் அதில் பழைய செய்தித்தாளைத் தோய்த்து, மூங்கில் சிம்புகளால் கட்டிய கூட்டின்மேல் ஒட்டி ஒட்டி, நாற்பது வருடம் கழித்து ஓடப்போவதாக நான் நினைத்த ரேஸ் காரின் மாதிரியைச் செய்துகொண்டிருந்தேன். கை நீளம் இருக்கும். பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரம் போட்டிருந்தேன்.

தருமபுரி அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பொருள்தான் போக முடியும். வருடா வருடம் மழைநீர்த் தொட்டிதான் போகும். ரேஸ் காரெல்லாம் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிய அறிவியல் சார், நான் விடாமல் பின்னாலேயே திரிந்ததால், தலைமையாசிரியர் அறை மேஜை விசிறிக்கு முன்னால் பக்கவாட்டில் வைத்தாலும் கவிழாமல் நின்றால் பார்க்கலாம் என்று இறங்கி வந்தார். அங்கேதான் வினை. வாசலில் வைத்தால் ஆடிக்காற்று ஒரே தட்டில் அதைக் கவிழ்த்துவிடும். நானும் இன்னும் இரண்டு சுற்றுக் காகிதம் ஒட்டுவேன்; அது மறுபடியும் கவிழும். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

கண்காட்சிக்குப் பொருள் தேர்ந்தெடுக்கும் நாளுக்கு முந்தைய மாலை, பள்ளியிலிருந்து வந்து பார்த்தால், வாசலில் காயவைத்திருந்த காரின் இரண்டு விலாவும் இல்லை. மூக்கும் முதுகும் சிம்புகளும் சக்கரமும்தான் மிச்சம். பக்கத்தில் எங்கள் வெள்ளாடு வாயில் காகிதத்தோடு நின்றது. ஆட்டை ஏன் அவிழ்த்துவிட்டாய் என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மா அசரவில்லை.

"கெழங்கு மாவுல காரு செஞ்சு வெயில்ல வெச்சா, ஆடு திங்காம கும்புடுமா?"

மிச்சமிருந்த காரின் எதிரில் குந்தினேன். அப்போதுதான் காற்று வந்தது. அம்மாவின் முந்தானை பறந்தது, கொடியில் கிடந்த துணி பறந்தது. கார் மட்டும் அசையவில்லை. விலாவில் புகுந்த காற்று சிம்புகளுக்கு இடையே நுழைந்து மறுபக்கம் போய்விட்டது. இன்னும் நாலு காற்று வரும்வரை பார்த்தேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, ஆடு கடித்த ஓரங்களை நேராக நறுக்கிச் சிவப்புப் பெயின்ட் அடித்தேன்.

மறுநாள் விசிறியை முழு வேகத்தில் வைத்தார்கள். கார் நின்றது. இந்தத் திறப்பை யோசித்தது யார், அப்பாவா, அண்ணனா என்று சார் கேட்டார். நானே யோசித்தேன் என்று சொல்லியிருக்கலாம். 

"ஆடு தின்னுட்டுச்சிங்க சார். ஆனா அது வழியா காத்து போவுதுன்னு பாத்தது நானுங்க."

அறையே சிரித்தது. சாரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே தருமபுரிக்குப் போகும் தாளில் என் பெயரை எழுதினார். அங்கே பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு அது உறைக்கவும் இல்லை.

இன்று ஓசூரில், நாளைய கார்களுக்கு உருவம் வரைவதுதான் என் வேலை. பசையும் இல்லை, சிம்பும் இல்லை. சரிவராத உருவம் கணினியில் ஒரு தட்டில் அழிந்துவிடுகிறது; எது போனது, எது நின்றது என்று எதிரில் குந்திப் பார்க்க மிச்சம் எதுவும் இருப்பதில்லை. அது எனக்குப் பிடிக்கவே இல்லை. போன மாதம் நான் வரைந்த ரேஸ் கார் நேற்றுக் காற்றுச் சோதனையில் தோற்றதும், அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்றார்கள். தோற்றதை அப்படியே விட்டுவைத்து இரண்டு நாள் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். நாளைக் காலை அதே கார் மறுபடியும் சோதனைக்குப் போகிறது. தோற்றால் இன்னும் இரண்டு நாள் கேட்பேன்.