சூசையப்பர் உதிர்த்த அரண்மனை

ராயப்பன்பட்டிக் கோயிலில் என்னோடு பூசை காண்கிற சகோதரர்களே, வயிற்றெரிச்சலோடுதான் இந்தச் சாட்சியைத் தொடங்குகிறேன். நான் நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதிக்கொண்டிருந்தவன். அரண்மனை, காடு, நந்தவனம் எல்லாம் துணியில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் ஒரு நாடகத்துக்குத்தான். அது முடியுமுன்னே முதலாளி அடுத்ததைத் தலையில் கட்டிவிடுவார். விடிந்தால் வர்ணம், அடைந்தால் வர்ணம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைகூடக் கிடையாது. ஊரார் கண்ணுக்கு நான் கலைஞன். உள்ளே செக்குமாடு.

என் தலைச்சன் பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது தேவாரம் ஊர்க் கொட்டகையில் நந்தவனம் எழுதிக்கொண்டிருந்தேன். "படுதா காயட்டும், போகலாம்" என்றார் முதலாளி. காய்ந்தது. போனேன். கல்லறை மேட்டைத்தான் பார்த்தேன். என் மனைவி ஆரோக்கியம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

உலகச் சண்டை தொடங்கிய மறு பங்குனி, சூசையப்பர் மாதம். கோம்பையில் கொட்டகை போட்டிருந்தோம். அரண்மனைத் தர்பார் படுதாவை முடித்துக் காயப் போட்டிருந்த காலையில் மைத்துனன் அந்தோணி ஓடி வந்தான்.

"மச்சான், அக்காளுக்கு வலி கண்டுருச்சு. ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே கெடக்கு. வெரசா வாங்க."

முதலாளியிடம் போய் நின்றேன்.

"ஏலே, பிள்ள பெறப்போறது நீயா? தர்பார் காயட்டும். மத்தியானம் ஒத்திகையில எறக்கிப் பாத்துட்டுப் பேசலாம்."

அதே வார்த்தை. அதே நான். தலையைக் குனிந்துகொண்டு திரும்பினேன். கொட்டகை மூலையில் முழங்காலில் விழுந்து அழுதேன். "சூசையப்பரே, தச்சு வேலை செய்த நீரும் கைவேலைக்காரர்தானே. இந்தப் படுதாவைச் சீக்கிரம் காய வையும்" என்று மன்றாடினேன். கேட்டது அவ்வளவுதான்.

படுதா காய்ந்தது. ஒத்திகைக்கு முதலாளி வந்தார். "அடுத்து மயானம் எழுதிட்டுப் போ" என்றார். வெள்ளைத் துணிகூட விரித்துவிட்டார்கள். தூரிகையைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் தர்பாரை அவிழ்த்துவிட்டார்கள். வர்ணப்பொடியில் வச்சிரப் பசை காய்ச்சிக் கலந்தால்தான் துணியில் நிற்கும். தூக்கம் கெட்ட மயக்கத்தில் நான் பசையே சேர்க்கவில்லை! தூண், சிங்காதனம், மாடம் எல்லாம் பொடியாய்க் கொட்டின. ராஜபார்ட் தும்மினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஓடுறா! இனி ஒரு கொட்டக வாசலையும் மிதிக்காத!" என்று முதலாளி கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்.

ஓடினேன். வீட்டுக்கே ஓடினேன். பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி மருத்துவச்சி கெஞ்சிக்கொண்டிருந்தார். அங்கே அறுத்துவிடுவார்கள் என்று பயந்து, "கட்டுனவன் வந்து சொல்லட்டும்" என உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"வண்டியைக் கட்டுங்க!" என்று கத்தினேன்.

மகள் பிறந்தாள். ஆரோக்கியமும் பிழைத்தாள். "இன்னுங் கொஞ்சம் பொறுத்திருந்தா ரெண்டு உசுரும் தங்கியிருக்காது" என்று நர்சம்மா சொன்னார்.

இன்று கோயில் சப்பரத்துக்கும் புனிதர் சுரூபத்துக்கும் வர்ணம் அடிக்கிறேன். சாயந்திரம் கோயிலில் திரிகாலச் செப மணி அடித்தால் தூரிகையைக் கழுவிவிடுவேன். சூசையப்பருக்கு நன்றி சொல்லாத நாளில்லை. ஆனாலும் கசப்பு போகவில்லை. அவர் என்னைத் துரத்த வைத்தாரே தவிர, நானாகப் புறப்படவில்லையே!

கைவேலை செய்கிற சகோதரர்களே, அவரிடம் நம்பிக் கேளுங்கள், தருவார். படுதா காய வேண்டுமென்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டுக்குப் போக வேண்டுமென்று கேளுங்கள்.