உப்புவெளியில் திரும்பக் கிடைத்த வண்டி

பர்மீசாவிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால், பாக்த்ரியா என்று ஒப்புக்குச் சொல்வாள். மனசுக்குள் அவள் ஊர் ஒரு மாட்டுவண்டி. அலெக்சாந்தரின் படைக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் உருண்ட வண்டி. அதன் நிழலில் சமைத்தாள், அதற்குள் இரண்டு பெற்றாள், ஒன்றைப் பாலைமணலில் புதைத்துவிட்டு மறுபடி அதிலேயே ஏறி உட்கார்ந்தாள். இப்போது அரக்கோசியா மலைநாட்டில் ஒரு மண்வீட்டில் நகராமல் கிடப்பது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. விடிந்தால் நேற்றுப் பார்த்த அதே மலை.

கணவன் தெர்தாஸ் மக்கெதோனியாக்காரன். வெள்ளிக் கேடயப் படையில் கிழட்டு வீரன், அவளைவிட முப்பது வயது மூத்தவன். பெண் கேட்டு வந்தவனில்லை, ஊரை எரித்துப் பிடித்து வந்தவன்தான். அதை அவள் மறைத்ததில்லை. ஆனாலும் வெங்காயம் நறுக்கித் தருவான், குளிரில் தன் போர்வையைத் தருவான், 'கிழவரே' என்று கூப்பிட்டால் சிரிப்பான். போகப் போக அவன்மேல் ஆசை வந்துவிட்டது. என்ன செய்ய?

பாபிலோனில் ராஜா அலெக்சாந்தர் கண்ணை மூடியதும் தளபதிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். தெர்தாஸ் சத்தியம் செய்து பின்தொடர்ந்த தளபதி, செத்த ராஜாவுக்கென்று ஒரு கூடாரம் போட்டு, அதில் காலி நாற்காலி வைத்து, அதன் முன்னால்தான் கூட்டம் நடத்தினார். உள்ளே போடும் கூச்சல் தண்ணீர்த்துறை வரை கேட்கும்.

"உள்ள இருக்கறதுலயே அந்த நாற்காலிக்குத்தான்டி கொஞ்சம் புத்தி இருக்கு" என்பாள் பர்மீசா. பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புச் சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது.

ராஜா போன ஏழாம் ஆண்டுக் குளிரில், உப்புவெளியில் இன்னொரு தளபதியோடு சண்டை. வெள்ளிக் கேடயக் கிழவர்கள் எதிரியின் காலாட்படையை விரட்டிவிட்டார்கள். ஆனால் கிளம்பிய உப்புப் புழுதிக்குள் எதிரிக் குதிரைகள் சுற்றிவந்து, பின்னால் நின்ற வண்டிகளைப் பெண்டுபிள்ளைகளோடு ஓட்டிப்போய்விட்டன. உங்கள் தளபதியைப் பிடித்து என்னிடம் ஒப்படையுங்கள், குடும்பத்தைத் தருகிறேன் என்று எதிரி சொல்லியனுப்பினான்.

நான்காம் நாள் வண்டிகள் திரும்பின. தெர்தாஸ் தடுக்கித் தடுக்கி ஓடிவருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். நெஞ்சு துள்ளியது. அவன் வந்து சேர்வதற்குள், சங்கிலி போட்ட தளபதியை நடுவில் இழுத்துப்போனார்கள். அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

"அவரையா குடுத்தீங்க?"

"உன்னையும் மகளையும் வாங்கிட்டேன்ல, புள்ள!"

"அவருக்குச் சத்தியம் பண்ணித்தானே ரெண்டு வருஷமா சோறு தின்னீங்க? எத்தனை பேர் சரின்னீங்க?"

"நான்தான் முதல்ல கை தூக்கினேன்." அதைப் பெருமையாகச் சொன்னான்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெயித்தவன், விலைக்கு வாங்கிய தளபதியைக் கொன்றான். ஒருவனை விற்றவர்கள் தன்னையும் விற்பார்கள் என்று பயந்து, கிழவர்களை அரக்கோசியாவுக்குத் தள்ளினான். இரண்டிரண்டு, மூன்று மூன்று பேராக மலைக்காவலுக்கு அனுப்பச் சொல்லி அங்கிருந்த ஆளுநருக்கு உத்தரவு. போனவர் திரும்பியதில்லை என்பது ஊருக்கே தெரியும். வழியெல்லாம், வந்து சேர்ந்த பிறகும், அவள் தெர்தாஸிடம் சோற்றைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

அவன் முறையும் வந்தது. குனிய முடியாதவனுக்கு அவள்தான் செருப்பு வாரைக் கட்டிவிட்டாள்.

"அடியே, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நான் உன்னை மீட்காம விட்டிருந்தா உனக்கு நிம்மதியா இருந்திருக்குமா?"

"நேரமாச்சு. கிளம்புங்க."

வேறு இரண்டு கிழவர்களோடு போனான். போனவன் போனவன்தான்.

அவன் செய்தது துரோகம் என்று இன்றைக்கும் சொல்வாள், யார் முன்னாலும் சொல்வாள். ஆனால் உப்புப் புழுதியில் அவனைப் பார்த்ததும் துள்ளிய நெஞ்சை நினைத்தால் தாங்க முடியாமல் அழுதுவிடுவாள்.

"அன்னிக்கு, வந்துட்டீங்களா கிழவரேன்னு ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா எனக்கு என்னடி கொறஞ்சிருக்கும்?" என்று மகளைக் கேட்பாள்.

மகள் பார்லி மாவைப் பிசைந்துகொண்டிருப்பாள்.