மூக்குக்கு எதுக்குங்க விலா எலும்பு?

என் வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். வடக்கே வேலையில் இருந்தபோது பைப் அடித்து மூக்குத்தண்டு அமுங்கிவிட்டது. மூச்சுவிடவே சிரமப்பட்டார். திருச்செங்கோட்டிலிருந்து சேலத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

"மூக்குக்குள்ள இருக்கிற குருத்தெலும்பு நொறுங்கிடுச்சு. காதுல எடுத்தா வலு பத்தாது. வலது விலாவிலிருந்து கொஞ்சம் எடுத்து வைக்கணும்" என்றார் டாக்டர்.

எனக்குச் சுருக்கென்றது. மூக்கைச் சரிசெய்ய வயிற்றுப் பக்கம் எதற்குக் கத்தி? கிட்னி திருடிய கதைகளைக் கேட்காத ஆள் எங்கள் பக்கம் இல்லை.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு ஸ்கேன், பின்னாடி ஒரு ஸ்கேன் எடுத்துக் காட்டுங்க. அப்பத்தான் கையெழுத்துப் போடுவேனுங்க" என்று பிடிவாதமாக நின்றேன். டாக்டர் முகத்தைச் சுளித்தாலும் ஒத்துக்கொண்டார்.

ஸ்கேனைப் பார்த்தவர், என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "வலது விலா ஏற்கெனவே உடைஞ்சு கோணலாக் கூடியிருக்கே? ஏன் சொல்லலை? தெரியாம அங்க கத்தி வெச்சிருந்தா நுரையீரல்ல பட்டாலும் பட்டிருக்கும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "போன வருசம் ரிக் மேல இருந்து விழுந்துட்டேனுங்க. ஊட்டுல சொன்னா வேலைக்கு உடமாட்டாங்கன்னு சொல்லலீங்க."

இடது விலாவில் எடுத்து ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

டாக்டரின் ஒவ்வொரு வார்த்தையையும் சந்தேகப்பட்ட நான், "நல்லா இருக்கேன் அம்மிணி" என்று தினமும் போனில் சொன்ன மனுசனை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. இப்போதெல்லாம் அவர் ஊருக்கு வந்தால், சோறு போடுவதற்கு முன் சட்டையைக் கழற்றச் சொல்லிவிடுகிறேன்.